புளத்கொகுபிட்டிய மலைகளில் இயற்கைக் காப்பும் இடைநின்று உழைப்போரும்

கேகாலை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே, மத்திய மலைநாடு படிப்படியாகத் தாழ்ந்து களனி கங்கையை நோக்கி இறங்குகின்ற இடத்திலே, புளத்கொகுபிட்டிய என்னும் சிறு பட்டணமும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும் கிராமங்களும் அமைந்திருக்கின்றன. ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இப்பிரதேசத்தில், கீழ்ச்சரிவில் ரப்பரும், அதற்கு மேலே தேயிலையும், பள்ளங்களில் வயலும், வீட்டைச் சுற்றிக் கித்துலும் பலாவும் பாக்கும் நிற்க, மலைமுடிகளிலும் கற்பாறை இடுக்குகளிலும் கோடரிக்குத் தப்பிய காடு துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுக் காடுகளிலிருந்து கசிந்து இறங்கும் ஊற்றுகளே குருகொட ஓயா, வீ ஓயா முதலிய கிளையாறுகளாகத் திரண்டு களனியிற் சேர்ந்து, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பெற்று, கொழும்பு நகரத்தின் குடிநீராகின்றன. அதே ஊற்று, நகரத்தை அடைவதற்கு வெகு முன்னரே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஏதோ ஒரு லயத்தின் மேற்புறத்தில் மூங்கிலாலோ தகரத்தாலோ குழாயாலோ அமைந்த பீலி வழியாக விழுந்து, கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குடத்தை நிரப்பிவிட்டே கீழே போகிறது.

இந்தக் காட்டையும் நீரையும் காப்பது யாருடைய கடமை என்று கேட்டால், சட்டம் தரும் விடை தெளிவானதாகவே இருக்கும். காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிபாலனத்திற்கு உட்பட்டது; ஜீவராசிகள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு; தேயிலையும் ரப்பரும் நிற்கும் நிலம் கம்பெனியின் குத்தகையில் உள்ளது; மண் சரியுமா என்று பார்த்துச் சொல்லத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; சரிந்தபின் வருவதற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. ஆயினும் இத்தனை ஸ்தாபனங்களுள் எதற்கும் ஒவ்வொரு மலையின் உச்சியிலும் ஓர் ஆளை நிறுத்தும் சக்தி கிடையாது. மரத்தை வெட்டும் சத்தம் முதலில் யார் காதில் விழுகிறதோ, பீலியின் நீர் கலங்கியிருப்பதை விடியற்காலையில் யார் காண்கிறாரோ, அவருக்கும் இந்த அலுவலகங்களுக்கும் நடுவே நின்று பேசுகின்ற ஒருவர் இருந்தால்தான் சட்டம் மலையேறும். சில திட்டங்களில் அவரை இணைப்பாளர் என்பார்கள், சிலவற்றில் சமூக ஊக்குவிப்பாளர், சிலவற்றில் தொண்டர். எப்பெயரால் அழைத்தாலும், அவர் எந்த ஜனங்களிடையே பிறந்தவர், யாரிடம் சம்பளம் பெறுகிறார், யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்பவையே அவரது பணியின் பலனைத் தீர்மானிக்கின்றன. இலங்கையில் ஜனங்கள் பங்குகொள்ளும் இயற்கைப் பாதுகாப்பு கிராமத்தை அளவுகோலாகக் கொண்டே வகுக்கப்பட்டது என்பதும், அதனால் தோட்டத்து மக்கள் ஒன்று கூலியாட்களாக, அல்லது குற்றவாளிகளாக மட்டுமே அந்தத் திட்டங்களின் கண்ணிற்பட்டார்கள் என்பதும், லயத்திலிருந்தே எழுகின்ற இணைப்பாளர் இல்லாமல் இம்மலைகளின் காடும் நீரும் நிலைக்கமாட்டா என்பதுமே நான் இங்கே நிலைநாட்ட விரும்பும் விஷயங்கள்.

இதன் வேர் பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று விதித்தது. சேனைப் பயிருக்கும் விறகுக்கும் மருந்துக்கும் மூதாதையர் காலம் தொட்டுக் காட்டை ஆண்டுவந்த கண்டிப் பிரதேசத்துக் கிராமவாசிகளிடம் ஓலைச் சாசனம் எங்கே என்று கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? அப்படிப் பறிபோன மலைகளிலேதான் முதலிற் கோப்பியும், 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து களனிப் பள்ளத்தாக்கெங்கும் ரப்பரும் பரவின. கிராமத்தான் இழந்த நிலத்தில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கோ, அந்த நிலத்தில் ஒரு முழம்கூட உரிமையாகவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்த விவகாரம் ஒருவாறு முடிவுக்கு வந்தது. இடையே 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளின் கைக்கு மாறியது. எஜமானர்கள் மாறினார்களேயன்றி, லயத்தின் காம்பறா அதில் வாழ்பவருடையதாகவில்லை. ஆகவே இன்று புளத்கொகுபிட்டியவில் ஒரு மலைமுடியின் துண்டுக்காட்டை எடுத்துக்கொண்டால், அரசு அதைத் தன் சொத்தென்கிறது. கம்பெனி தன் எல்லைக்குள் இருப்பதென்கிறது. கிராமம் அதைத் தன் பூர்வீக அநுபோகம் என்று நினைக்கிறது. லயத்து மக்களோ, ஒன்றும் சொல்லாமல், அதன் விறகையும் நீரையும் நம்பி வாழ்கிறார்கள்.

கிராமங்களோடு சேர்ந்து காட்டைக் காக்கும் முயற்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 1980களில் தொடங்கிய சமூக வனத் திட்டமும், அதன்பின் வந்த பங்கேற்பு வனத் திட்டமும், அவுஸ்திரேலிய உதவியோடு 2012 முதல் நடந்த சமூக வனவியல் நிகழ்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக அநுபவத்தைச் சேர்த்தன. இரத்தினபுரி உள்ளிட்ட மாவட்டங்களிற் பரந்துள்ள சிங்கராஜ வனம் இதற்கு நல்ல சாட்சி. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1970களில் அங்கே இயந்திரங்கள் மரம் வெட்டின. கண்டனம் எழுந்து வெட்டு நின்றது. 1978இல் அது உயிர்க்கோள ஒதுக்காகவும் 1988இல் உலக மரபுரிமையாகவும் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அந்த அங்கீகாரங்கள் மட்டும் காட்டைக் காக்கவில்லை. காட்டோரக் கிராமமான குடவவில் கித்துல் சீவியும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்தவர்களை விரோதிகளாகப் பாவிக்காமல், சிங்கராஜ நண்பர்கள் என்ற பொருள்தரும் பெயரோடு ஒரு சங்கமாக அவர்களைத் திரட்டி, வருவோருக்கு வழிகாட்டும் உத்தியோகத்தையும் அவ்வூர் இளைஞருக்கே உரித்தாக்கிய போதுதான் காட்டுக்கு ஆயிரம் கண்கள் கிடைத்தன. வனத் திணைக்களத்திற் சிறு பதவி வகித்து, ஓய்வுபெற்றபின் காட்டின் விளிம்பிலேயே விடுதி நடத்தி, சாஸ்திரிகளும் மாணாக்கரும் தேடிவந்து கற்கும் அளவுக்கு அவ்வனத்தை அறிந்திருந்த மார்ட்டின் விஜேசிங்க, 2021இல் காலமாகும் வரை, ஊருக்கும் அலுவலகத்துக்கும் உலகத்துக்கும் இடையே பாலமாக விளங்கினார். அவர் யாருடைய நியமனத்தாலும் அந்த ஸ்தானத்தை அடைந்தவரல்லர்.

கேகாலை மாவட்டத்திலேயே இதனினும் நுட்பமான உதாரணம் ஒன்று உண்டு. புளத்கொகுபிட்டியவிலிருந்து மேற்கே, கலபிட்டமட என்னும் ஊரின் வயல்களுக்கும் ரப்பர்க் காணிகளுக்கும் ஊடே ஓடுகின்ற ஒரு சிற்றோடையில், விரலளவே நீளமுள்ள, செம்மை படர்ந்த உடலில் கரிய திட்டுகள் கொண்ட ஒரு மீன் வாழ்கிறது. 1991ஆம் ஆண்டில் மொரிஸ் கொட்டேலாவும் ரொஹான் பெத்தியாகொடவும் அதை ஒரு புதிய இனமென விவரித்துப் பந்துல என்ற பெயரிட்டார்கள். இயற்கையில் இம்மீன் அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் கண்டறியப்படவில்லை. அந்த ஓடையோ எந்தச் சரணாலயத்துக்குள்ளும் இல்லை. இருபுறமும் தனியார் காணி. வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பவரும், வரம்புக்கு மண் வெட்டுபவரும், வறட்சியில் இயந்திரத்தால் நீர் இறைப்பவரும், கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்காக வலையோடு வரும் அந்நியரும், ஒவ்வொருவரும் தம்மையறியாமலே ஓர் இனத்தைப் பூமியிலிருந்து துடைத்துவிடும் வல்லமை உடையவராக இருந்தார்கள். மீன்களின் தொகை சில நூறாகக் குறைந்துவிட்டதென அஞ்சப்பட்ட காலமும் இருந்தது. சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகமும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் அக்கறை எடுத்தன. சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆயின் ஓடைக்கு வேலி போட முடியாது. எந்த வயற்காரர் எந்தக் கிழமை மருந்தடிப்பார் என்று அறிந்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கரையோரத்து நிழற்செடியை வெட்டாமல் விடும்படி கேட்கக்கூடியவர் அந்த ஊராராகத்தான் இருக்க முடியும். ஊர்மக்கள் அம்மீனைத் தங்கள் ஊரின் சொத்தாக எண்ணத் தொடங்கியதும், வலையோடு வருகிறவனிடம் நீ யார் என்று கேட்கத் தொடங்கியதும், பின்னர் எடுத்த கணக்கெடுப்புகளில் தொகை மீண்டும் ஏறியிருக்கக் கண்டதும் ஒரே சரித்திரத்தின் பகுதிகள்.

கலபிட்டமட ஓடையை நான் இவ்வளவு விரித்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. களனியின் மேற்பகுதிக் கிளையாறுகளுக்கும் அவற்றுக்கே உரிய ஜீவராசிகள் உண்டு; அசோக பெத்தியா எனப்படும் மீன் இந்த ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அந்தக் கிளையாறுகளிற் பல தோட்ட எல்லைகளுக்குள்ளேதான் பிறக்கின்றன. அங்கே வயற்காரர் இல்லை, காணிக்காரர் இல்லை, ஊர்ச் சங்கம் இல்லை; கலபிட்டமட முறையை அங்கே அப்படியே கொண்டுபோய் நட முடியாது. கரையோரத்துத் தேயிலைக்குக் களைநாசினி அடிப்பவர் அதை அடிக்கும்படி ஏவப்பட்டவரே தவிர, அடிப்பதா விடுவதா என்று நிச்சயிப்பவர் அல்லர். அவரிடம் போய் மீனின் அருமையைச் சொன்னால் அவர் அநுதாபத்தோடு கேட்பார்; மறுநாட் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டிலே கணக்கப்பிள்ளை எந்த மலைக்குப் போகச் சொல்கிறாரோ அந்த மலைக்கு முதுகிலே மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு போவார்.

தோட்டத்தில் நேரம் வேறு விதமாக ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து வருகிற திட்டங்கள் கவனிப்பதேயில்லை. ஓர் உத்தியோகத்தர் கேகாலையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ புறப்பட்டுக் காலை பத்து மணிக்குத் தோட்டத்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே அவர் காண்பது பென்ஷன் எடுத்த பெரியவர்களையும், பிள்ளை மடுவத்து ஆயாவையும், வேலைக்குப் போகாத சில இளைஞரையுமே. பால்வெட்டுகிறவர் விடியுமுன் மரத்தடிக்குப் போய்விட்டார். கொழுந்துக்குப் போன பெண்கள் பின்னேரம் நிறுவைக்குப் பின்தான் திரும்புவார்கள். திரும்பியபின் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள். அவர்களைப் பகலிற் கூட்டத்துக்கு அழைத்தால் ஒருநாட் பேரை, அதாவது ஒருநாட் சம்பளத்தை, இழந்து வரவேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயமான ஒரு வாழ்க்கையில் அந்த இழப்பு சிறிதன்று. வந்திருந்தவர்களின் கையொப்பம் பெற்றுக் கூட்டம் நடந்ததாக அறிக்கை எழுதப்படும். மறுவாரம் சிங்களத்தில் ஒரு கடிதம் வரும். அதை வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் அது கோயில் தலைவரின் அலமாரியில் மற்றக் கடிதங்களோடு சேரும். இவ்வளவும் ஒருவருடைய துர்எண்ணத்தால் நடப்பதன்று. மாலை ஆறு மணிக்குமேல், பீலியடியிலும், தோட்டத்துக் கடையடியிலும், கோயில் வாசலிலும் பேசக்கூடிய ஒருவர் அத்திட்டத்தில் இல்லாததால் நடப்பது.

அவ்விதமான ஒருவர் லயத்திலே கிடைப்பாரா என்று ஐயுறுவோர் உண்டு. சாதாரண தரமோ உயர்தரமோ படித்துவிட்டு, கொழும்புக் கடைகளுக்கும் தையற் தொழிற்சாலைகளுக்கும் போகாமல் எஞ்சியிருக்கும் இளம்பெண்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்து சிங்களமும் தடையின்றிப் பேசுவார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெண்களையே நான் முதலிற் சொல்வது தற்செயலாக அன்று. தண்ணீரும் விறகும் பெண்களின் தலைமேல் ஏறியிருக்கிற பாரமாதலால், காட்டின் க்ஷேமநஷ்டத்தை அன்றாடம் அளந்துகொண்டிருப்பவர்கள் அவர்களே.

கடல் கடந்து பார்த்தால், தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரிடையே இது நடந்தேறியிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறைப் பீடபூமி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தால் சூழப்பட்ட ஏறத்தாழ 220 சதுரக் கிலோமீற்றர் தேயிலை, கோப்பி நிலம். ஏறக்குறைய எழுபதினாயிரம் மக்கள் வாழ்வது. யானைகள் தங்கள் பழைய தடத்தை விடாமல் தோட்டங்களின் ஊடே நடப்பது. மாலையில் பஸ்ஸை விட்டிறங்கி லயத்துக்கு நடக்கும் தொழிலாளர், இருட்டில் யானை நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டு மாண்டுபோனார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவரோடு உழைத்த உள்ளூர் ஊழியர்களும், அந்த மரணங்களுட் பல யானையின் மூர்க்கத்தால் அல்ல, செய்தி தெரியாமையால் நேர்ந்தவை என்று கண்டு, யானை நிற்கும் இடத்தைத் தமிழிலே கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் 2011 முதல் அறிவித்தார்கள். தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்குகளை உயரமான கம்பங்களில் நிறுத்தி, அவற்றைக் கைப்பேசியால் ஏற்றும் பொறுப்பை அந்தந்த இடத்து மக்களிடமே ஒப்படைத்தார்கள். உயிர்ச்சேதம் கணிசமாகக் குறைந்தது. 2015இல் ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அதே பீடபூமியில் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் தோட்டக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, சிதைந்த துண்டுக்காடுகளில் அவ்வனத்துக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு வளர்த்துவருகிறார்கள். நாற்றுமேடையைப் பேணுபவர்கள் உள்ளூர்வாசிகள். யானை அறிவிப்புத் திட்டம் முதலில் உயிரைக் காப்பாற்றிற்று, பிறகுதான் காட்டைப் பற்றிப் பேசிற்று என்பதே நம் தோட்டங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி. யானையைச் சுட வேண்டும் என்ற கோபத்தோடு இருந்த ஒருவர், தன் மகள் பத்திரமாக வீடு திரும்புவதற்கு வழி கிடைத்தபின் யானைக்கும் ஒரு வழி வேண்டும் என்று சம்மதிக்கிறார்.

புளத்கொகுபிட்டியவில் யானை இல்லை. இங்கே உயிரை வாங்குவது மண். 2016 மே 17ஆம் நாள், நாட்கணக்கில் பெய்த பெருமழையின் முடிவில், இம்மாவட்டத்து அரநாயக்கவின் சாமசர மலை இடிந்து விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. அந்த அவலத்தின் பெருஞ்சத்தத்தில், அதே நாளில் புளத்கொகுபிட்டியவின் களுப்பஹனத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் அமிழ்ந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்த செய்தி போதிய அளவு கேட்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோது, பத்தாண்டுக்குள் மறுபடியும் அதே பாடம் படிக்கப்பட்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் எவரும் மனப்பாடம் செய்யக்கூடியவை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, அந்தக் கணமே வெளியேறவேண்டும். அளவுக்கோடு இட்ட எளிய மழைமானிகளை அந்நிறுவனம் ஆபத்தான இடங்களின் ஜனங்களிடம் கொடுத்துப் பழக்கியிருக்கிறது. சாதனம் எளிது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மழைக்குள் இறங்கி, டார்ச் வெளிச்சத்திலே கோட்டைப் பார்த்து, நூற்றைத் தாண்டிவிட்டதென்று கண்டு, பத்துக் காம்பறாக் கதவையும் தட்டி எழுப்ப ஒருவர் வேண்டும். அவர் தட்டினால் கதவு திறக்கவேண்டும். அவர் சொன்னால் கிழவியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் பாடசாலைக்கு நடக்கவேண்டும். அந்த நம்பிக்கை மழைமானியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பொருளன்று. வேறு பல நாட்களில், வேறு பல சிறு காரியங்களில், வார்த்தை தவறாமல் நடந்துகொண்டதால் ஈட்டப்படுவது அது.

மண்சரிவைக் காவல்செய்பவரும் காட்டைக் காவல்செய்பவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பது இதனால்தான் என் உறுதியான அபிப்பிராயம். மலையின் தலையில் மரம் நின்றால் வேர் மண்ணைப் பிடிக்கும். சரிவின் குறுக்கே வெட்டிய கான்கள் தூர்ந்துவிட்டால், வழிந்தோட வேண்டிய நீர் உள்ளே இறங்கி மண்ணைச் சேறாக்கும். முன்னாட்களில் கான் வெட்டுக்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆட்குறைவும் செலவுக்குறைப்பும் வந்தபின் அவ்வேலை பல மலைகளிற் கைவிடப்பட்டுக் கிடப்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் கவலையோடு சொல்கிறார்கள். தெளிவாக விழுந்த பீலி திடீரெனக் கலங்கினாலும், புதிய இடத்தில் ஊற்றுப் புறப்பட்டாலும், நேரே நின்ற மரம் சாய்ந்தாலும், லயத்தின் சுவரில் முன் காணாத வெடிப்பு ஓடினாலும், மலை அசைகிறது என்பதற்கு அவை அறிகுறிகள். இந்த அறிகுறிகளைக் காண்பவர், காட்டில் யார் மரம் தறித்தார், எந்த ஓடையில் மருந்துப் போத்தல் கழுவப்படுகிறது என்பவற்றையும் அதே நடையில் கண்டுவிடுகிறார். அலுவலகங்கள் வெவ்வேறாக இருக்கலாம்; மலை ஒன்றுதான்.

இணைப்பாளரின் ஸ்தானத்துக்கு உள்ள ஆபத்துகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்ஷபானத் தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாட்களில் மாண்டது நாட்டையே வருந்தச் செய்தது. பன்றிக்கு வைக்கும் சுருக்கில் சிறுத்தை வீழ்வது சப்பிரகமுவவின் ரப்பர், தேயிலை மலைகளிலும் நேர்கிறது. சுருக்கைக் கண்டவர் செய்தி கொடுக்கத் தயங்குகிறார். ஏனெனில் முதல் விசாரணை அவரிடமே தொடங்கும் என்ற பயம். இணைப்பாளரைத் திணைக்களத்தின் ஒற்றராக ஜனங்கள் எண்ணிவிட்டால் அன்றோடு அவர் பிரயோஜனம் முடிந்தது. தோட்ட அதிகாரியான துரையின் ஆள் என்று எண்ணினாலும் அப்படியே. ஒரு தொழிற்சங்கத்தின் ஆள் என்றாகிவிட்டால் மற்றச் சங்கத்தார் பாதித் தோட்டத்தையும் கூட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நமீபியாவின் வடமேற்கில், 1980களின் தொடக்கத்தில் காண்டாமிருகங்கள் வேட்டையால் அருகிவந்தபோது, கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் ஊர்த்தலைவர்களோடு கலந்து நிறுவிய சமூகக் காவலர் முறை இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்திருந்தது. காவலரைத் தெரிந்தெடுத்தவர் ஊர்த்தலைவர். காவலர் கணக்குச் சொன்னதும் அவரிடமே. பிடிப்பது முதல் நோக்கமன்று, நடக்காமல் தடுப்பதே நோக்கம். 1996இல் அந்நாட்டுச் சட்டம் ஜனசமூகங்களுக்கு ஜீவராசிகள்மீது உரிமை வழங்கியபோது, அச்சட்டத்தின் அடியில் அந்தக் காவலரின் அநுபவம் கிடந்தது.

தோட்டத்திலே ஊர்த்தலைவருக்கு நிகரான ஓர் அதிகாரபீடம் இல்லை என்பதுதான் இங்கே இடர். கெயார் என்னும் தொண்டு நிறுவனம் சில தோட்டங்களில் ஏற்படுத்திய சமுதாய அபிவிருத்தி மன்றங்களில் துரையும், சங்கத் தலைவர்களும், தொழிலாளரும், இளைஞரும், அயற்கிராமத்தாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இணைப்பாளர் கணக்குச் சொல்லவேண்டிய இடம் அத்தகைய ஒரு சபையாக இருப்பதே தகும் என்று நான் கருதுகிறேன். அயற்கிராமத்தார் அதில் இருப்பது மிக முக்கியம். மேலே லயம், கீழே சிங்களக் கிராமம், இரண்டுக்கும் ஒரே ஓடை என்றிருக்கும்போது, மேலிருப்போர் நீரைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும், கீழிருப்போர் மரத்தைக் கொண்டுபோகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் இன வேற்றுமையின் சாயலை எடுத்துவிடுவதற்கு நேரம் செல்லாது. இரண்டு பாஷையும் பேசி இரண்டு வீட்டிலும் தேநீர் குடிக்கிற ஒருவர் அந்த வார்த்தைகளைத் தொடக்கத்திலேயே தணித்துவிடுவார்.

இனிப் பணத்தின் விவகாரம். திட்டங்கள் இரண்டாண்டு, மூன்றாண்டுக்கு வருகின்றன. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானிய நிகழ்ச்சி 1994 முதல் இலங்கையில் நடந்து, எத்தனையோ சிறு சங்கங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதன் பயனை நான் மதிக்கிறேன். ஆனால் மானியம் முடிந்த மாதத்திலேயே இணைப்பாளரின் கொடுப்பனவும் முடிகிறது. மூன்றாண்டாக ஜனங்களிடம் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், மரக்கன்று காய்ந்தாலும், குழாய் உடைந்தாலும், அலுவலகம் மறுமொழி அனுப்பாவிட்டாலும் அவரையே கேட்கிறார்கள், அவரிடம் ஒன்றுமில்லை. சிலர் அந்த வெட்கத்தைத் தாங்கமாட்டாமல் ஊரைவிட்டே வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு அந்த மலையைப் பற்றிய அறிவும் பஸ் ஏறிவிடுகிறது.

நிரந்தரமான வழி இம்மாவட்டத்திலேயே ஒரு துறையில் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி உதவிய மூன்றாவது நீர்வழங்கல் திட்டம் கேகாலையையும் தன்னுள் அடக்கியது. அதற்கு முன்னரே உலக வங்கியின் உதவியோடு 1993 முதல் 1998 வரை இரத்தினபுரியிலும் அவ்வித வேலை நடந்தது. இவற்றால் உருவான கிராம நீர்ச் சங்கங்கள் மாதந்தோறும் மானிப்படி கட்டணம் வாங்கி, அதிலிருந்து பராமரிப்பாளருக்கு ஊதியம் கொடுத்து, வெளியுதவி நின்றபின்னும் தம் கால்களில் நிற்க முயல்கின்றன. அவற்றைக் கண்காணிக்க 2014இல் தனித் திணைக்களமே அமைந்தது. ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள காட்டைக் காப்பதும், மழைமானியைப் பார்ப்பதும், கான்களை வெட்டச் சொல்லிக் கேட்பதும் அந்தப் பராமரிப்பாளரின் கடமைகளாகச் சேர்க்கப்பட்டு, கட்டணத்தின் ஒரு சிறு பங்கு அதற்கென ஒதுக்கப்படுமானால், கிராமத்தைப் பொறுத்தவரை இணைப்பாளர் பிரச்சினை பெரும்பாலும் தீரும். லயத்திலோ மானி இல்லை, பீலிக்குக் கட்டணமும் இல்லை, இருக்கவும் கூடாது. அங்கே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டியது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக நின்ற காலம் நீண்டது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அத்திருத்தம் வந்தபின், ஒரு டிவிஷனுக்கு ஒருவர் என்ற கணக்கில், தோட்ட மன்றம் தெரிந்தெடுக்கும் ஆளுக்கு மாதக் கொடுப்பனவு வழங்கச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்புத் திறப்பதற்குப் பழைய தடையைக் காரணமாகக் காட்டமுடியாது. அத்தலைப்பின் கீழ் எழுதவேண்டியவை மிகச் சில: தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட மழைப்பதிவுப் புத்தகம், நல்ல டார்ச் ஒன்று, கைப்பேசிச் செலவு, மாதத்தில் இரண்டு நாட்களுக்கு முழுப்பேருக்கு ஈடான தொகை, ஊற்றுக்கண்ணைச் சுற்றி நடுவதற்குக் கன்றுகள். கேகாலை மாவட்டத்துப் பிரதேச சபைகளில் அமரும் தோட்டத்து உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில் இந்தப் பிரேரணையைக் கொண்டுவரவேண்டும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலே தொடங்கிவிடுமாதலால், கொடுப்பனவு அதற்கு முன் கைக்கு வரவேண்டும்.